முன்னாள் படைவீரர்களுக்கு நாம் ஏன் விருந்து வைக்கிறோம்?

(நமது அறக்கட்டளையின் ஒக்டோபர் மாத ஒன்றுகூடலில், லுஹர் தொழுகைக்குப் பின் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். அன்று வர முடியாத சகோதர சகோதரிகள் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே வெளியிடப்படுகிறது.)



கண்ணியத்துக்குரிய இமாம் அவர்களே, பெரியவர்களே, தாய்மார்களே, சகோதர சகோதரிகளே, பின்வரிசையில் கைப்பேசியை மடியில் மறைத்து வைத்திருக்கும் பிள்ளைகளே!

இரண்டு வாரத்துக்கு முன் ஜும்ஆ முடிந்து, செருப்பு அடுக்கும் இடத்தில் ஒரு சகோதரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "நானா, பட்டாளத்துக்காரர்களுக்குச் சாப்பாடு போடப் போவதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்களே, அது யார் காசு? ஸகாத் காசா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கேட்க வேண்டிய கேள்வி. இந்தச் சபையிலும் அதே கேள்வியோடு சிலர் உட்கார்ந்திருப்பீர்கள் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஸகாத்தில் இருந்து ஒரு சல்லியும் இதற்கு எடுக்கவில்லை. ஸகாத் யாருக்கு உரியது என்று குர்ஆன் வரையறுத்திருக்கிறது. அதில் நாம் கைவைக்க முடியாது. அநாதைப் பிள்ளைகளின் நிதியையும் தொடவில்லை. இந்த விருந்துக்கென்று தனியாகப் பெயர் கொடுத்தவர்களின் பணம் அது. கணக்கு அலுவலக அறையில் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம்.

அதைச் சொன்னதும் அவர், "காசு சரி. காரணம்?" என்றார்.

அந்த இடத்தில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் காலுறையுமாக நின்றுகொண்டு சொல்லக்கூடிய பதில் இல்லை அது. "ஒன்றுகூடலில் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்று நான் பேசுவது அந்தச் சகோதரருக்கு. மற்றவர்கள் கூட இருந்து கேளுங்கள்.

அவர் கேட்டதன் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவரும் நானும் ஒரே ஊர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் தேதி யாழ்ப்பாணம் சோனகதெருவில் எனக்குப் பன்னிரண்டு வயது. ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்தது. எல்லாரும் மைதானத்துக்கு வரவேண்டும் என்றார்கள். அங்கே ஆயுதம் ஏந்தியவர்கள், இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். ஐந்து சந்தியில் வரிசையாக நிறுத்திச் சோதித்தார்கள். என் ராத்தாவின் காதில் இருந்த தோட்டைக் கழற்றியவளுக்கு ராத்தாவின் வயதுதான் இருக்கும். வாப்பா கடைச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலமெல்லாம் அந்தச் சாவி அவரிடம் இருந்தது. பிறகு தெற்கில் சோதனைச் சாவடிகள். அங்கே வேறு சீருடை. தமிழ் பேசுகிறோம் என்பதற்காக அங்கேயும் கையைத் தூக்கி நிற்கவேண்டி இருந்தது.

ஆகவே சீருடையைக் கண்டால் எங்கள் வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த நாட்டுக்கு வந்து பல வருடங்கள் ஆன பிறகும், ரயில் நிலையத்தில் சீருடையோடு பொப்பிப் பூ உண்டியல் வைத்து நிற்கும் இளைஞனைக் கண்டால் நான் மற்ற வாசலால் போயிருக்கிறேன். அவன் என்னை ஒன்றும் செய்யமாட்டான் என்பது மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது.

இப்படிப்பட்டவன் எப்படி அந்த நோட்டீஸை ஒட்டினான் என்பதுதான் நான் சொல்லவேண்டிய கதை.

அது வோக்கிங்கில் தொடங்கியது. ஷாஜஹான் பள்ளிவாசலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1889இல் கட்டப்பட்டது. பிரித்தானியாவில் பள்ளிவாசலாகவே எழுப்பப்பட்ட முதல் கட்டடம். போபாலை ஆண்ட ஷாஜஹான் பேகம் பணம் கொடுத்தார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே தொழப் போனோம். தொழுதுவிட்டு வெளியே வந்தபோது அங்கிருந்த ஒரு பெரியவர், "கொஞ்சத் தூரத்தில் ஹோர்செல் வெளியில் ஒரு கப்ருஸ்தான் இருக்கிறது, பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார். பைன் மரங்களுக்கு நடுவே ஒரு செங்கல் மதில். வாசலில் குவிமாடம். உள்ளே போனால் கப்ருகள் இல்லை! ஒரு பூங்கா இருந்தது. ஒரு கல்லில் 27 பெயர்கள். எல்லாம் முஸ்லிம் பெயர்கள்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். முதலாம் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம் ஆகுமுன், 1914 செப்டெம்பர் கடைசியில், இந்திய இராணுவத்தின் முதல் அணிகள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கிவிட்டன. ஐரோப்பியக் குளிருக்கு ஏற்ற உடுப்புக்கூட இல்லாமல் வந்தவர்கள் பலர். அந்தப் போர் முழுவதிலும் இந்திய இராணுவத்தில் இருந்த முஸ்லிம்கள் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர். பெரும்பாலானோர் பஞ்சாபிகள், பதான்கள். மதராஸ் மாகாணத்தில் இருந்து போனவர்களும் உண்டு. மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் கலந்திருந்தார்கள்.

காயம்பட்டவர்களைப் பிரைட்டன் நகருக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே கடலோரத்தில் அரசர் ஒருவர் கட்டிய மாளிகை இருக்கிறது, குவிமாடமும் மினாராவுமாக. பிள்ளைகள் பாடசாலைச் சுற்றுலாவில் போயிருப்பார்கள். அதை 1914 டிசெம்பரில் இந்திய வீரர்களுக்கான மருத்துவமனை ஆக்கினார்கள். ஒவ்வொரு மதத்தாருக்கும் சாதியாருக்கும் தனித்தனிச் சமையல். ஹலாலாக அறுக்கத் தனி இடம். முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் வெவ்வேறு தண்ணீர்க் குழாய். மாளிகையின் முன்னால் புல்வெளியில் ஒரு பகுதியை முஸ்லிம்கள் தொழுவதற்கென்று ஒதுக்கினார்கள். அங்கே இறந்த இந்துக்களையும் சீக்கியர்களையும் ஊருக்கு வெளியே குன்றின்மேல் தகனம் செய்தார்கள். முஸ்லிம் ஜனாஸாக்களை வோக்கிங்குக்கு அனுப்பினார்கள், அங்கேதான் பள்ளிவாசல் இருந்தது என்பதால்.

இதையெல்லாம் அன்பினால் மட்டும் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. முஸ்லிம் வீரர்களின் ஜனாஸாவைப் பிரித்தானியர் முறைப்படி அடக்குவதில்லை என்று ஜெர்மனி பிரசாரம் செய்துகொண்டிருந்தது. ஜெர்மனியர் பேர்லினுக்குத் தெற்கே முஸ்லிம் கைதிகளுக்கென்று ஒரு முகாம் அமைத்து, அதில் ஒரு பள்ளிவாசலே கட்டிக்கொடுத்தார்கள், மனத்தை மாற்றுவதற்காக. அதற்குப் பதில் சொல்லத்தான் வோக்கிங்கில் மதில் கட்டிய கப்ருஸ்தான் எழுந்தது. பிரைட்டனில் இருந்த வீரர்கள் நினைத்தபடி நகருக்குள் போய்வரவும் முடியவில்லை. அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை அதிகாரிகள் பிரித்துப் படித்தார்கள். அப்படிப் படித்து மொழிபெயர்த்து வைத்ததால்தான் அந்தக் கடிதங்களில் என்ன இருந்தது என்று இன்று நமக்குத் தெரிகிறது. போர் முடிந்து ஐந்து மாதத்தில் பஞ்சாபுக்கு என்ன கிடைத்தது? ஜாலியன்வாலாபாக் கிடைத்தது. இதையும் நம் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

ஆனால் அந்த 27 பேரும் இந்தக் கணக்குகளில் எதையும் தீர்மானித்தவர்கள் அல்ல. ஒருவர் சம்பளத்துக்காக வந்திருப்பார். ஒருவர் வாப்பா பட்டாளத்தில் இருந்தார் என்பதற்காக வந்திருப்பார். அவர்களுக்கு இந்த மண்ணில் கபனும் ஜனாஸாத் தொழுகையும் கிடைத்தன. இன்று நாம் நகராட்சி மயானத்தில் முஸ்லிம்களுக்குத் தனிப் பகுதி கேட்டு வாங்கியிருக்கிறோம். மருத்துவமனையில் ஹலால் சாப்பாடு கேட்கிறோம். தொழ ஓர் அறை கேட்கிறோம். இதையெல்லாம் முதலில் கேட்டவர்கள் நாம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நமக்கு முன்னால், காயத்தோடு படுத்திருந்தவர்களுக்காக இந்த நாடு அவற்றைச் செய்து பழகியிருந்தது. எங்களை இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டு அனுப்பியவர்கள் பள்ளிவாசலையும் கப்ருஸ்தானையும் விட்டுவிட்டுத்தான் போகச் சொன்னார்கள். அதனால் ஒரு கப்ருஸ்தானின் மதில் என்னைக் கொஞ்சம் கூடுதலாகத் தொட்டிருக்கலாம்.

1960களில் அந்த இடத்தைச் சிலர் நாசப்படுத்தியதால் ஜனாஸாக்களைத் தோண்டியெடுத்து, பக்கத்தில் உள்ள புரூக்வூட் இராணுவ மயானத்துக்கு மாற்றினார்கள். பழைய இடம் பல வருடம் பாழடைந்து கிடந்தது. 2015இல்தான் திருத்திப் பூங்காவாக்கி, 27 பேருக்கும் 27 மரம் நட்டார்கள்.

பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்களைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று குதாதாத் கான். 1914 ஒக்டோபர் 31, பெல்ஜியத்தில் ஹொல்லபேக்க என்ற ஊர். இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் இருந்தார். அதிகாரி காயப்பட்டுவிட்டார், மற்றத் துப்பாக்கி குண்டில் சிதைந்துவிட்டது, கூட இருந்த ஐந்து பேரும் இறக்கும்வரை இவர் காயத்தோடு சுட்டுக்கொண்டே இருந்தார். இறந்துவிட்டார் என்று எதிரி விட்டுப்போக, இருட்டில் தவழ்ந்து தன் அணிக்கு வந்து சேர்ந்தார். விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியப் படைவீரர் அவர். அந்தப் பதக்கத்துக்கு இந்திய வீரர்கள் தகுதியுடையவர்கள் என்று ஆக்கப்பட்டதே 1911இல்தான். மற்றது நூர் இனாயத் கான். சூஃபி ஆசிரியர் ஒருவரின் மகள். குழந்தைகளுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பிடியில் இருந்த பாரிசுக்குள் கம்பியில்லாத் தந்தி இயக்குபவராக அனுப்பப்பட்டார். பிடிபட்டு, 1944 செப்டெம்பரில் டாகாவ் முகாமில் கொல்லப்பட்டார். லண்டன் கோர்டன் சதுக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. பாடசாலையில் யாராவது "உங்கள் ஆட்கள் இந்த நாட்டுக்கு என்ன செய்தார்கள்" என்று கேட்டால், கோபப்படாமல் இந்த இரண்டு பெயர்களையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் பட்டது. 1939 டிசெம்பரில் இந்திய இராணுவத்தின் கோவேறு கழுதைப் படை ஒன்று பிரான்சுக்கு வந்தது. ஏறத்தாழ எல்லாரும் பஞ்சாபி முஸ்லிம்கள். அடுத்த கோடையில் ஒரு பிரிவு ஜெர்மனியரிடம் பிடிபட, மற்றவர்கள் டன்கர்க் வழியாகவும் வேறு துறைமுகங்கள் வழியாகவும் தப்பி இங்கே வந்து, 1944 வரை வேல்ஸ், ஸ்கொட்லாந்து என்று மலைப் பிரதேசங்களில் இருந்தார்கள். ஸ்கொட்லாந்தில் கிங்கூசி என்ற சிற்றூர் மயானத்தில் அவர்களில் ஒன்பது பேர் அடங்கியிருக்கிறார்கள். அந்த ஊர்ப் பெண்மணி ஒருவர், நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்ல, எழுபது வருடத்துக்கும் மேலாக அந்தக் கப்ருகளைப் பராமரித்து வந்தார். யாரும் அவருக்குக் கூலி கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் உம்மாமார் பஞ்சாபில் எந்தெந்தக் கிராமத்தில் இருந்தார்களோ, அவர்களால் வரமுடியாது அல்லவா!

மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவராக மாட்டார் என்ற கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதை நாம் எல்லாரும் மத்ரஸாவில் படித்தவர்கள்தான். அந்தப் பெண்மணிக்கு நன்றி சொல்ல எனக்கு வழியில்லை. அவர்கள் ஊர்க் கிழவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள்.

2021 குடிசன மதிப்பீட்டில்தான் முதல்முறையாக, நீங்கள் படையில் இருந்தீர்களா என்று கேட்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் பதினெட்டரை இலட்சம் பேர் ஆம் என்று சொன்னார்கள். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் எண்பது வயதை எட்டியவர் அல்லது கடந்தவர். ஏன் இத்தனை கிழவர்கள்? 1960 வரை இந்த நாட்டில் கட்டாயப் படைச் சேவை இருந்தது. பதினெட்டு வயதானால் கடிதம் வரும், போகவேண்டும். தச்சன் மகன், பால்காரன் மகன், எல்லாரும் போனார்கள். கொரியாவுக்கு அனுப்பினார்கள், மலாயாவுக்கு அனுப்பினார்கள், சைப்பிரஸுக்கு அனுப்பினார்கள். இலங்கைக்கும் அனுப்பினார்கள்.

போன வருட விருந்தில் என் மேசையில் ஒருவர் இருந்தார். எண்பத்தெட்டு வயது. நான் எந்த ஊர் என்று கேட்டார். ஸ்ரீலங்கா என்றேன். "சிலோன்!" என்று சொல்லி மேசையில் தட்டினார். 1955இல் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருந்தாராம். அந்தத் தளம் 1957 வரை பிரித்தானியரிடம் இருந்தது, கிழக்கு மாகாணப் பெரியவர்களுக்குத் தெரியும். ஆப்பத்தை "ஹொப்பர்" என்றார். துறைமுகத்துக் கடையில் தேநீர் போட்டவர் ஒரு தொப்பி போட்ட முஸ்லிம் என்றார். பெயரும் சொன்னார், எழுபது வருடமாகச் சரியாக வைத்திருந்தார். நாங்கள் கொடுத்த வட்டிலப்பத்தை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அங்கே உள்ள போர் மயானத்துக்கு நான் போயிருக்கிறேனா என்று கேட்டார். போனதில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டதும், அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியதும் எனக்கு அவர் சொல்லித்தான் சரியாகத் தெரியும். "என் வயதுப் பையன்கள் அங்கே கிடக்கிறார்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்போம். இப்போது யார் பார்க்கிறார்களோ" என்றார். முறையான பராமரிப்பில் இருக்கிறது என்று ஒரு சகோதரர் தன் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

அப்போதுதான் பின்னால் ஒரு பிள்ளை பலூனை உடைத்தது.

நான் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டேன். சத்தம் கேட்டுக் குனிந்தேன் என்றுகூடச் சொல்லமுடியாது, குனிந்த பிறகுதான் பலூன் என்று தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் கிழவரும் குனிந்திருக்கிறார். அவர் கையில் இருந்த கரண்டி கீழே கிடக்கிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "எங்கே?" என்று கேட்டார். "ஜஃப்னா" என்றேன். "சைப்பிரஸ்" என்றார். சிலோனுக்குப் பிறகு அங்கே போயிருக்கிறார். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் கரண்டியைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

சகோதரர்களே, ஈராக்கைப் பற்றி ஒருவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். கேளுங்கள். 2003 பெப்ரவரியில் லண்டன் வீதிகளில் பத்து இலட்சம் பேர் அளவில் அந்தப் போரை எதிர்த்து நடந்தபோது இந்த ஊரில் இருந்து பேருந்து எடுத்துக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். இன்றும் அந்தக் கருத்தில் மாற்றமில்லை. போரைத் தீர்மானித்தவர்களிடம் கேட்கவேண்டியதைத் தொடர்ந்து கேட்போம். இந்த விருந்து அதற்கு மன்னிப்பு அல்ல. வரும் விருந்தாளிகளில் இரண்டு பேர் ஈராக்கில் இருந்தவர்கள். அதில் ஒருவருக்கு இடது கால் இல்லை. அவரிடம் போய் அந்தப் போரின் நியாயத்தைக் கேட்பது, ஐந்து சந்தியில் நின்ற என் வாப்பாவிடம் போய் இலங்கை அரசியலுக்குப் பதில் கேட்பது போலத்தான்.

பொப்பிப் பூ விஷயம். பாடசாலையில் குத்திக்கொள்வதா வேண்டாமா என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். மார்க்க விளக்கத்தை இமாம் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது என் வேலை இல்லை. என் வீட்டில் மூத்தவள் குத்திக்கொள்கிறாள், இளையவன் குத்திக்கொள்வதில்லை. இரண்டு பேரும் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கிறார்கள். நான் அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த துஆவை ஓதிக்கொள்கிறேன். பூவைக் குத்தாதவனுக்கு நன்றி இல்லை என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். குத்தியவனை நம்மில் யாரும் ஏளனம் செய்யவும் வேண்டாம். போன வருடம் அப்படி ஒரு பேச்சு இந்த மண்டபத்திலேயே எழுந்தது, எனக்கு வெட்கமாக இருந்தது.

செருப்பு அடுக்கும் இடத்துச் சகோதரருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அவர் விருந்துக்கு வரவேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. அவர் வீட்டில் நடந்தது என் வீட்டில் நடந்ததைவிட அதிகம், அது எனக்குத் தெரியும். நேற்று மாலை தொலைபேசியில் பேசினார். "வருவதாகச் சொல்லமாட்டேன், வானை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். ஜஸாக்கல்லாஹு ஹைரன். அந்த வானில் சக்கர நாற்காலி ஏற்றலாம், நமக்கு அதுதான் குறையாக இருந்தது.

இனி வேலை விஷயம். விருந்து நவம்பர் இரண்டாம் ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை. லுஹருக்கு முன்பே மேசைகள் போட்டு முடிய வேண்டும். முப்பத்தாறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், துணைக்கு வருபவர்கள் தனி. பிரியாணியில் காரத்தைப் பாதியாகக் குறையுங்கள். போன முறை "குறைத்துத்தான் போட்டோம்" என்று சொன்னவர்களின் அளவு நமக்குத் தெரியும். எலும்பில்லாத இறைச்சி. இரண்டு பேர் சீனி வியாதிக்காரர்கள், வட்டிலப்பத்துக்குப் பதிலாகப் பழம் வையுங்கள்.

ஒலிபெருக்கியைச் சின்னதாக வையுங்கள், காது கருவி போட்டவர்களுக்கு இரைச்சல் வலிக்கும். பக்கத்தில் இருந்து பேசுங்கள், குனிந்து முகம் பார்த்துப் பேசுங்கள். பிள்ளைகளே, யாரைச் சுட்டீர்கள் என்று யாரும் கேட்கக்கூடாது. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். பதக்கத்தைத் தொடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். அந்த வாரம் முழுக்க இந்த ஊரில் வாணவெடி இருக்கும், அதை நம்மால் நிறுத்தமுடியாது. ஆனால் மண்டபத்துக்குள் இந்த முறை பலூன் கட்ட வேண்டாம். காகித மாலை கட்டுங்கள். சமையலுக்கும் வாகனத்துக்கும் பெயர் கொடுக்க வேண்டியவர்கள் அஸருக்கு முன் அலுவலக அறையில் இருக்கும் தாளில் எழுதிவிட்டுப் போங்கள்.